செபஸ்தியான் கடையில் சுற்றிய வட்டம்

1. காலை நேர டெக்னீஷியன்

"நீங்க வந்தா மட்டும் நல்ல புள்ள மாதிரி ஓடுது தம்பி. நீங்க பஸ் ஏறினதும் சுத்த ஆரம்பிச்சிருது."

தெல்தெனியாவில் தேநீர்க் கடை வைத்திருந்த செபஸ்தியான் அண்ணன் இப்படிச் சொன்னது, நான் மூன்றாவது தடவையாகப் போனபோது. அப்போது நான் ஓர் இன்டர்நெட் கம்பனியின் கண்டிக் கிளையில் டெக்னீஷியன். கிரிக்கெட் காட்டிக் கூட்டம் சேர்க்கலாம் என்று அவர் பெரிய டீவி வாங்கி, எங்களிடம் கனெக்‌ஷன் எடுத்திருந்தார். மேட்ச் சூடு பிடிக்கும் நேரம் பார்த்துப் படம் நின்று வட்டம் சுற்றும். எதிரே காதர் நானாவின் கடையில் டிஷ் அன்டெனா. அங்கே "அவுட்!" என்று கத்தினால், இவருடைய ஆட்கள் இவருடைய பிளேன்டி கிளாஸோடு ரோட்டைக் கடந்து ஓடிவிடுவார்கள்.

நான் போனதெல்லாம் காலையில். ஸ்பீட் டெஸ்ட் அருமையாக வரும். "லைன் ஓகே" என்று சொல்லிவிட்டு வருவேன். ரவுட்டரைக்கூட மாற்றிப் பார்த்தேன். கடைசியில், டீவியை எங்கள் ஆபீஸ் வாசலில் இறக்கப்போவதாக அவர் போன் போட்டுவிட்டார். மேனேஜர் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"மேட்ச் எப்ப?"

"பின்னேரம் மேடம்."

"நீங்க போறது எப்ப?"

"காலையில மேடம்."

"இன்னைக்கி மேட்ச் இருக்கு. போய் உக்காந்து பாருங்க."

2. மேட்ச் நேரம்

கடையில் கதிரை காலியில்லை. சுவரில், விலைப் பலகைக்குப் பக்கத்தில், வைஃபை பாஸ்வேர்ட் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. நான் வந்த காலைகளிலும் அது அங்கேதான் இருந்தது. ஆளில்லாத கடையில் அதை யார் கவனித்தார்கள்?

டீவி ஒரு நொடி தயங்கியது. உடனே ஒருவர் போனை எடுத்து அதே மேட்சைப் போட்டார். டீவி இன்னும் தயங்கியது. இன்னும் நாலு போன் வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் கடையில் எல்லோர் கையிலும் மேட்ச், டீவியில் மட்டும் வட்டம். வருகிற டேட்டா ஒன்றுதான்; அதை எல்லோரும் பங்கு போட்டால், படம் சேரும் வரை டீவி காத்திருக்கத்தான் வேண்டும். போதாததற்கு, எங்கள் கனெக்‌ஷன் போன் டவரிலிருந்து வருவது; ஊர் முழுக்க அதே டவரில் அதே மேட்ச்.

"அண்ணே, டீவிக்கு வர்றத ஒங்க ஆளுங்களே குடிச்சிர்றாங்க."

"அதுக்கு வைஃபைய நிப்பாட்டவா? அப்பறம் எவன் டீ குடிக்க வருவான்?"

கடைசியில் மேட்ச் முடியும்வரை மட்டும் நிறுத்தச் சம்மதித்தார். டீவியை கேபிள் போட்டு ரவுட்டரில் மாட்டினேன். படத்தின் குவாலிட்டியை ஒரு படி குறைத்தேன். வட்டம் போயே போய்விட்டது.

அப்போது எதிர்க் கடையில் பெரிய கூச்சல். எங்கள் டீவியிலோ பந்துவீச்சாளர் இன்னும் நடந்து போய்க்கொண்டிருந்தார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இன்டர்நெட்டில் நேரலை எப்போதும் டிஷ்ஷுக்குச் சற்றுப் பின்னால்தான் வரும். அதற்கு என் பையில் சாமான் கிடையாது. தணிந்த குரலில் சொன்னேன். செபஸ்தியான் அண்ணனின் முகம் செத்துவிட்டது.

"சிக்ஸா, விக்கெட்டா? நான் விக்கெட். ஒரு வடை பந்தயம்!" என்றார் மூலையில் இருந்த ஆட்டோக்காரர்.

கடை மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஸ்டம்ப் பறந்தது. ஆட்டோக்காரர் எழுந்து ஆடினார். அதற்குப் பிறகு எதிரே கத்தும்போதெல்லாம் இங்கே பந்தயம். காதர் நானாவே ரோட்டைக் கடந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன செபஸ்தியான், முடிஞ்சு போன பந்துக்கு இப்படிக் கத்துறீங்க?"

பின்னேரப் பழுதைப் பின்னேரம்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்பதை அன்று படித்தேன். ஆள் இல்லாத கடையில் எந்த லைனும் நல்ல லைன்தான்.

அடுத்த மேட்சுக்கு முன் செபஸ்தியான் அண்ணன் எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, பந்தயம் கட்ட நேரம் பத்தல. இன்னும் கொஞ்சம் பிந்தி வர்ற மாதிரி செய்ய ஏலுமா?"