லாரி டியூப்பில் போய்ப் பிடித்த கெளுத்தி

எங்கள் படகைப் பார்த்திருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். காற்றடித்த ஒரு லாரி டியூப், அதன்மேல் உட்காரக் குறுக்கே கட்டிய ஒரு பலகை, அவ்வளவுதான். பஞ்சர் கடை அண்ணனிடம் டியூப்பை இரவல் வாங்கிக்கொண்டு, நானும் என் சிநேகிதனும் அடையாற்றிலிருந்து பெருங்குடி ஏரிக்குச் சைக்கிளில் போனோம்.

ஒருவர்தான் உட்கார முடியும். அன்று என் முறை. கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டபடி நடு ஏரியில் தூண்டிலைப் போட்டேன். தக்கை சட்டென்று முழுகியது! தூண்டில் நூலோ மெல்லிசு, வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். அதனால் மீனை அதன் போக்கில் விட்டேன். அது என்னையும் டியூப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது பாருங்கள், அப்பப்பா!

களைத்துப்போய் அது மேலே வந்தபோது பார்த்தால், மீசை வைத்த பெரிய கெளுத்தி. அதன் தலைக்குப் பக்கத்தில் ஊசி மாதிரி முள் இருக்கும்.

"மடியில போட்டுக்காதடா! முள்ளு குத்திச்சுன்னா டியூப் புஸ்ஸுனு பூடும்!" என்று சிநேகிதன் கரையிலிருந்து கத்தினான்.

"இன்னாடா பண்றது? மீனை உட்டுடவா?"

"உட்டுட்டேன்னா நீயும் கரைக்கு வராதே மச்சி!"

தூண்டில் கழியை நீட்டிப் பிடித்து, மீனைத் தண்ணீரிலேயே எட்ட வைத்துக்கொண்டு, கால்களை உதைத்து உதைத்துப் பின்பக்கமாகவே வந்தேன். அவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சட்டையைக் கழற்றி மீனை அமுக்கிப் பிடித்தான்.

"டியூப் இன்னாடா ஆச்சு?" என்று கேட்டேன்.

அவன் டியூப்பில் காதை வைத்துச் சுற்றிச் சுற்றிக் கேட்டான். "நல்லா கீதுடா!"

அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் ஓவென்று கத்தினோம்.