எஞ்சின் இல்லாத காருக்கு நல்ல விலை

கள்ளக்குறிச்சியில் எங்களுக்குப் பழைய இரும்புக் கடை. அத்தாவுக்குப் பிறகு நானும் தம்பியும் சேர்ந்து நடத்துகிறோம். கார் உடைப்பது எங்கள் தொழில். அப்படிப்பட்டவள் ஒரு பழைய காரை வைத்துப் பராமரிப்பதைப் பார்த்தால் ஊருக்குச் சிரிப்பு. கசாப்புக் கடைக்காரி ஆட்டுக்குப் பேர் வைத்துக் கொஞ்சுகிறாள் என்று என் காதுபடவே சொன்னார்கள். கொஞ்சினால் என்ன?

அது ஜெர்மன் டீசல் கார். தோல் சீட்டு, தேக்கு மாதிரி பளபளக்கும் டேஷ்போர்டு. எலவனாசூர்கோட்டைப் பக்கம் வசதியான ஒரு விவசாயக் குடும்பம் பல வருஷம் மாட்டுக் கொட்டகையில் போட்டு வைத்திருந்து, கடைசியில் எடைக்குப் போட்டது. லாரியிலிருந்து இறக்கியதும், சும்மா பார்ப்போமே என்று ஒரு பேட்டரியை மாட்டி, கேனில் இருந்த டீசலை ஊற்றிச் சாவியைத் திருப்பினேன். இருமியது, கறுப்பாகக் கக்கியது, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. வெட்ட வந்த ஆளிடம் கட்டரைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பிடித்த சனியன் என்று தம்பி இன்னமும் சொல்வான்.

சனியனுக்குத் தீனி அதிகம்தான். அதில் ரப்பர் என்று எதெல்லாம் இருந்ததோ அதெல்லாம் வெடித்திருந்தது. எங்கள் ஊர் போர் தண்ணீரால் ரேடியேட்டரில் உப்புப் படிந்தது. வயரை எலி கடித்தது. பவர் ஸ்டியரிங்கில் எண்ணெய் ஒழுகுவதை நிறுத்தினால் பிரேக் வேலை வைக்கும். ஒரு சாமானுக்குச் சென்னையில் கேட்டால் கோயம்புத்தூரைக் கை காட்டுவார்கள். அங்கிருந்து பார்சல் வந்து பிரித்தால் அது வேறு மாடலுக்கு உரியதாக இருக்கும். இதற்கு நடுவில் இன்ஷூரன்ஸ், பதிவைப் புதுப்பிக்கும் அலைச்சல், பழைய வண்டி என்பதற்காகப் பசுமை வரி. உளுந்தூர்பேட்டையில் லாரி வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர்தான் இதைத் தொடுவார். "இது காரு இல்லக்கா, மாப்ள. வரும்போதெல்லாம் எதனா செஞ்சிக்கினே இருக்கணும்" என்பார்.

அந்தப் பணத்துக்கு நகை வாங்கியிருக்கலாம் என்று சொந்தக்காரப் பெண்கள் சொன்னார்கள். நகை பீரோவில் கிடக்கும். கொட்டுகிற மழையில் என்னை மணலூர்பேட்டைக்குக் கொண்டுபோய் விடுமா?

போன வருஷம் கியர்பாக்ஸ் போனது. அந்த வேலைக்குப் பணம் கொடுத்த வாரமே தம்பி ஓர் ஆளைக் கடைக்குக் கூட்டி வந்தான். கல்வராயன் மலையில் தங்கும் விடுதி கட்டிக்கொண்டிருந்த வெளியூர்க்காரர். காரைச் சுற்றி வந்து, நான் அதுவரை செலவழித்ததற்கும் மேலேயே ஒரு விலை சொன்னார்.

"ஓடணும்னு அவசியமில்ல மேடம். எஞ்சினை எடுத்துட்டு வாசல்ல வெச்சிடுவோம். பானெட்டுக்குள்ள பூச்செடி. வர்றவங்க போட்டோ எடுத்துப்பாங்க."

எஞ்சின் இருந்தால் எண்ணெய் சொட்டித் தரை கறையாகுமாம்.

தம்பி அட்வான்ஸை வாங்கிவிட்டான். எனக்கும் அந்த வாரம் சலிப்பு மண்டிக் கிடந்தது, சரி என்று விட்டேன். லாரியில் ஏற்றினால் வீண் செலவு, நீங்களே மேலே ஓட்டி வந்து கொடுத்துவிடுங்கள் என்றார் அவர். எஞ்சினைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறவருக்கு, மலை ஏறி வரும் வரைக்கும் மட்டும் அந்த எஞ்சின் வேண்டியிருந்தது.

சித்திரை மாதம். நானும் தம்பியும் கச்சிராயபாளையம் தாண்டி மலைச்சாலை பிடித்தோம். சில வளைவுகளிலேயே சூட்டைக் காட்டும் முள் ஏற ஆரம்பித்தது. அதற்கு ஒரு வைத்தியம் உண்டு. காருக்குள் இருக்கும் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டால் எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். அந்த வெயிலில் ஹீட்டரைப் போட்டேன்.

"இன்னாக்கா பண்ற? வெந்து செத்துடுவேன்."

"நீ வெந்தா பரவால்ல. அது வேவக் கூடாது."

சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு உட்கார்ந்திருந்தான். முள் மெல்ல இறங்கியது. கார் அவசரப்படவில்லை, ஓரிடத்திலும் தயங்கவும் இல்லை. ஒரு செங்குத்தான வளைவைத் திரும்பி மேலே வந்ததும், "ஏறுதுக்கா" என்றான், நம்ப முடியாதவன் மாதிரி. இதைத்தான் வயிற்றைக் கீறக் கொண்டுபோகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

விடுதி வாசலில் சக்கரத்துக்கு ஒன்றாகச் சிமெண்டு மேடை கட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் மண் மூட்டைகள், பூச்செடி நாற்றுகள். எஞ்சினைத் தூக்கச் சங்கிலியும் தயாராகத் தொங்கியது. சாவியைத் திருப்பினேன். எஞ்சின் அணையவில்லை.

இதுவும் இந்தக் காரின் வியாதிகளில் ஒன்று. கதவுகளைப் பூட்டுவதற்கும் எஞ்சினை அணைப்பதற்கும் ஒரே காற்றுக் குழாய்கள்தான். எந்த மூலையிலாவது ஒரு குழாய் விரிசல் விட்டால், சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் அதுபாட்டுக்கு ஓடும்.

"ஆஃப் பண்ணுங்க மேடம்."

"பண்ணிட்டேங்க."

அவர் ஓரடி பின்வாங்கினார். பானெட்டைத் திறந்து உள்ளே இருக்கும் சின்ன லீவரை அழுத்தினால் போதும், அணைந்துவிடும். எனக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். அவன் இறங்கப் போனான்.

"உக்காருடா" என்றேன்.

அந்த மனிதரிடம் ஜன்னல் வழியாகவே சொன்னேன். "சார், நாங்க கார் உடைக்கிறவங்க. எத்தினியோ உடைச்சிருக்கோம், அதுல எனக்கு வருத்தமே இல்ல. அந்த இரும்பு உருகி வேற எதுக்கோ போவுது. உசுரோட இருக்கறத்த புடிச்சி, எஞ்சினைப் புடுங்கிட்டு, செடி வெக்கறதுக்குத் தரமாட்டேன். இது ஓடாத அன்னிக்கு நானே வெட்டிக்கிறேன்."

"அட்வான்ஸ் வாங்கியிருக்கீங்களே."

"அது திரும்பி வந்து சேந்துடும் சார்."

விலையை இன்னும் ஏற்றிச் சொன்னார். நான் சாவியைப் பழையபடி திருப்பி ரிவர்ஸ் எடுத்தேன். பின்சக்கரம் ஒரு மண் மூட்டை மேல் ஏறி இறங்கியது. வேண்டுமென்று செய்யவில்லை. செய்திருந்தாலும் தப்பில்லை.

சின்ன கியரிலேயே இறக்கத்தைப் பிடித்து வந்தேன். பாதி மலை இறங்கியதும் தம்பி, "உனக்குப் பைத்தியந்தான்" என்றான். ஆமாம் என்றேன். அடுத்து எந்தச் சாமான் போகும், அதற்கு எவ்வளவு ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ஓட்டினேன்.

கச்சிராயபாளையத்தில் ஒரு டீக்கடை ஓரம் எஞ்சின் ஓட ஓடவே நிறுத்தினேன். தம்பி டீ வாங்கி வந்து ஜன்னலில் நீட்டினான்.

"டீசல் வீணாவுதுக்கா. லீவரை அமுக்கி அணைச்சிடட்டா?"

"வேணாம். அந்தாளு அணைக்கச் சொல்லியும் அணையல. வூடு வரைக்கும் ஓடிக்கினே வரட்டும்."

டம்ளரைக் கொடுத்துவிட்டு வந்தவன் என் பக்கக் கதவைத் திறந்தான். இத்தனை வருஷத்தில் அவன் அந்த ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.

"தள்ளி உக்காருக்கா. நான் ஓட்டறேன்."

"போடா" என்று கதவைச் சாத்திக்கொண்டு கியரைப் போட்டேன்.