கடைசிக் காட்சியை மாற்றிச் சொன்ன மாமா

மாமா ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் பார்த்த மாதிரிதான். அம்மாவின் அண்ணனான அவர் முனிசிப்பல் கந்தோரில் கிளார்க்காக இருந்தார். கண்டியில் எந்தப் படம் ஓடினாலும் முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அம்பிட்டிய ஏற்றத்தில் மூச்சு வாங்க எங்கள் வீட்டுக்கு வந்து சேருவார். பெண்கள் கொட்டகைக்குப் போவது அப்பாவுக்குப் பிடிக்காது. ஆகவே அம்மாவும், எங்களோடு இருந்த சித்தியும், எட்டு வயதுச் சிறுமியான நானும் மாமாவின் வாய்வழியாகத்தான் சினிமாவைக் கண்டோம்.

பேசும் படம் அப்போதுதான் புதிது. மாமாவுக்கு அதில் அத்தனை திருப்தியில்லை.

"ஊமைப் படத்துல ஒரு பார்வையில முடிக்கிற விஷயத்துக்கு இப்ப நாலு பாட்டுப் பாடுறாங்க. வீடு தீப்பிடிச்சாலும் பாடி முடிச்சிட்டுத்தான் ஓடுறான்" என்பார்.

அம்மாவுக்கோ பாட்டுத்தான் வேண்டும். மாமா தம் கட்டைக் குரலில் அதையும் பாடிக் காட்டுவார். சித்தி இந்த விவாதங்களில் கலந்துகொள்ள மாட்டாள். எல்லாம் முடிந்த பிறகு, "கடைசியில என்ன ஆச்சுண்ணே?" என்று மட்டும் கேட்பாள்.

சித்தப்பா, தம் தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போய் நாலு வருடமாகியிருந்தது. இரண்டு கடிதம் வந்தது, அதோடு சரி. இதெல்லாம் எனக்கும் தெரியும். அதற்கும் மாமா சொல்லும் படங்களுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமென்று எட்டு வயதில் யாருக்குத் தோன்றும்?

ஒரு ஞாயிறன்று மாமா புதுப் படம் ஒன்றைச் சொன்னார். பினாங்குக்குப் போன கணவன் திரும்பவில்லை, மனைவி காத்திருக்கிறாள். கடைசியில் ஒரு மழைநாளில், தாடியும் கந்தலுமாக ஒருவன் வாசலில் வந்து நிற்கிறான். யாரோ பரதேசி என்று நினைத்து அவள் சோறு எடுத்து வருகிறாள். அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். மாமா கூப்பிட்ட விதத்தில் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுவதும் சித்தியின் தலையில் பூ இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, சின்னப் பிள்ளைதானே என்று என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். அதே படம்தான். மழைக்காகவும் தாடிக்காகவும் நான் கடைசிவரை காத்திருந்தேன். இரண்டும் வரவில்லை.

மறுநாள் மாமா வந்து கதிரையில் உட்கார்ந்ததும், "மாமா சொன்னது பொய்" என்று நான் நடுவீட்டில் நின்று அறிவித்தேன். "அந்த ஆளு திரும்பி வரவே இல்ல. பினாங்குல வேற கல்யாணம் பண்ணிக்கிட்டான். இவ கப்பல்ல போய் ஜன்னல் வழியாப் பார்க்கிறா. அவன் ஒரு குழந்தையைத் தூக்கி வச்சிருக்கான். இவ பேசாமத் திரும்பி வந்துடுறா. அவ்வளவுதான் கதை."

எல்லோரும் என்னைப் பாராட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். அம்மா, "வாயை மூடு, சனியனே" என்றாள். மாமா குனிந்து தம் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்திதான் பேசினாள். "அண்ணே, இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"படத்தைக் கேக்கிறியா?"

"எதைக் கேக்கிறேன்னு உங்களுக்குத் தெரியும்."

மாமா தலை நிமிராமலே, "தை மாசமே தெரியும்மா" என்றார்.

படம் கண்டிக்கு வந்தே பத்து நாள்தான். மாமா மறுபடியும் பொய் சொல்கிறார் என்று நான் முடிவு கட்டினேன். சித்தப்பாவின் ஊரிலிருந்து வந்த ஒருவர் அவரிடம் செய்தி சொல்லியிருந்தார் என்பது, நான் பெரியவளான பிறகு அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

சித்தி அழவில்லை. அப்பா கடையிலிருந்து வந்ததும் அவர் முன்னால் போய் நின்று, "அத்தான், அந்தப் படத்தை நான் பார்க்கணும்" என்றாள். அப்பாவிடம் அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "நாளைக்குப் போவோம்மா" என்றார்.

பெண்களுக்கென்று பலகை அடித்துத் தடுத்திருந்த பக்கத்தில் நானும் சித்தியும் உட்கார்ந்தோம். ஜன்னல் காட்சி வந்தபோது, "இப்பப் பாருங்க, இப்பப் பாருங்க" என்று அவள் தொடையைத் தட்டினேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இமைகூட அசையவில்லை.

திரும்பும்போது குளக்கரையில் அப்பா எங்களுக்கு முன்னால் நடந்தார். சித்தி என் கையைப் பிடித்திருந்தாள்.

"படம் எப்படி சித்தி?"

"பாட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு." கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள்: "ஆனா அண்ணன் சொன்ன படம்தாண்டி நல்ல படம்."

என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. இதில் கப்பல் வருகிறது, கடல் வருகிறது, பினாங்கு வீட்டில் கண்ணாடி விளக்குகூடத் தொங்குகிறது. மாமாவின் கதையில் வெறும் மழைதானே என்று ஏற்றம் முழுவதும் அவளோடு வாதாடிக்கொண்டே வந்தேன். அவள் 'ம்' கொட்டிக்கொண்டே நடந்தாள். வீட்டு வாசல் வந்தபோது வாதத்தில் நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.