மெத்தையின் இருபத்திரண்டாவது ஆட்டம்

எங்கள் வருடாந்திர மல்யுத்தப் போட்டி முதலில் ஒரு காலிக் கிடங்கில், இருநூற்றுப் பன்னிரண்டு பேர் முன்னிலையில் நடந்தது. பத்தாம் ஆண்டில் நாலாயிரம் இருக்கைகள் கொண்ட அரங்கத்துக்கு மாறியது. தொடக்கத்திலிருந்தே மணியடிப்பதும் பதிவேடு எழுதுவதும் என் வேலை. யார் ஜெயிப்பது என்று அமைப்பாளர் முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார். பார்க்க வருபவர்களுக்கும் அது தெரியும். விழுவது மட்டும் நிஜம்.

ஓர் ஆண்டும் தவறாமல் விழுந்தவர் ஒருவர் உண்டு. பஞ்சு மெத்தை தைக்கும் கடையில் வேலை பார்த்ததால் அவருக்கு மெத்தை என்று பெயர். "என் மேல விழுந்தா எவனுக்கும் அடிபடாது. அதான் என்னையே கூப்பிடுறாங்க" என்பார். இருபத்தொரு ஆட்டம், இருபத்தொரு தோல்வி. மகளை ஒருமுறைகூட அழைத்து வந்ததில்லை. "அப்பன் உதை வாங்குறதை டிக்கெட் எடுத்து வேற பாக்கணுமா?"

இருபத்திரண்டாம் ஆண்டு மெத்தைதான் ஜெயிக்க வேண்டும் என்று அமைப்பாளர் சொன்னார். அன்றே மெத்தை மகளுக்கு மூன்றாவது வரிசையில் ஓர் இருக்கை கேட்டு வாங்கினார்.

போட்டிக்குப் பத்து நாள் முன்பு, எடையும் உடல்நிலையும் குறித்துக்கொள்ளக் கடைக்குப் போனேன். பேசிக்கொண்டே தைத்தவரின் இடது கட்டைவிரலில் கோணி ஊசி ஏறி நின்றது. ரத்தம் உறையில் சொட்டியது. அவர் பேச்சை நிறுத்தவில்லை.

"விரலைப் பாருப்பா" என்றேன்.

ஊசியை உருவிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு மாசமா இப்படித்தான்ணே. கழுத்துலேருந்து மரத்துக்கிட்டே இறங்குது. எழுதிடாதீங்க. எழுதினா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

"எழுதாம விட்டதில்லையேப்பா."

"தோத்தான் தோத்தான்னு இருபத்தொரு வருஷம் எழுதின கைதானே. ஒரு தடவை சும்மா இருந்தா என்ன?"

'உடற்குறை' என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். அமைப்பாளர் அதைப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

மேடையில் ஒரு வழக்கம் உண்டு. விழுந்தவன் பக்கத்தில் நடுவர் மண்டியிட்டு, யாருக்கும் தெரியாமல் அவன் இடது கையை அழுத்துவார். பதிலுக்கு அவன் அழுத்தினால் ஆட்டம் தொடரும். அழுத்தாவிட்டால் நடுவர் சைகை காட்டுவார், நான் மணியடிப்பேன். போட்டியன்று மதியம் உடைமாற்றும் அறையில் மெத்தை நடுவரிடம், "இடது கை மரத்துக் கிடக்கு, வலது கையைப் புடிங்க" என்று சொன்னார். நானும் அங்கேதான் இருந்தேன்.

எதிராளிக்கு ரோடு ரோலர் என்று பட்டப்பெயர். பதினோரு நிமிடம் நாற்பதாவது நொடியில், பேசிவைத்தபடி மெத்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டான். மெத்தை கழுத்து மடங்க விழுந்தார். வலது கை உடம்புக்கு அடியில் சிக்கிக்கொண்டது. நடுவருக்கு எட்டியது இடது கைதான். அழுத்தினார். பதில் இல்லை. மரத்த கைதானே என்று நினைத்து, தொடரும்படி தலையசைத்தார்.

சைகை இல்லாமலும் மணியடிக்க எனக்கு அதிகாரம் உண்டு. சுத்தியல் கையில்தான் இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ரோடு ரோலர் மறுபடி தூக்கினான். அந்தப் பிடியிலிருந்து நழுவித்தான் மெத்தை ஜெயிக்க வேண்டும். அவர் நழுவவில்லை. பதினோரு நிமிடம் ஐம்பத்தெட்டாவது நொடியில் இரண்டாம் முறை விழுந்தார். கடைசியில் எழுந்துவிடுவேன் என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தார். அவள் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். நான் மணியடித்தபோது பன்னிரண்டு நிமிடம் ஆறு நொடி.

மெத்தைக்குக் கழுத்துக்குக் கீழே எல்லாம் செயலிழந்தது. முதல் தடவை விழுந்ததுமே அசைக்காமல் விட்டிருந்தால் கைகளையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார் மருத்துவர். விசாரணைக்கு வந்தவர்களிடம் அமைப்பாளர் என் பதிவேட்டை விரித்துக் காட்டினார். "ஒரு குறையும் இல்லைன்னுதானே இருக்கு?" நடுவர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. அடுத்த ஆண்டும் போட்டி நடந்தது. அரங்கம் நிரம்பியது.

அது முடிந்த மறுநாள் மெத்தையைப் பார்க்கப் போனேன். மகள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். "வாங்க மாமா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"என் ஆட்டத்துக்கு என்னண்ணே எழுதினீங்க?" என்று கேட்டார் மெத்தை.

"தோல்வி. பன்னிரண்டு நிமிஷம், ஆறு நொடி."

"அந்தக் காலிக் கட்டம்?"

"நேத்து எழுதிட்டேன். இடது கையில் உணர்ச்சி இல்லை, போட்டிக்குப் பத்து நாள் முன்பே பதிவாளருக்குத் தெரியும்னு."

மெத்தை கண்ணை மூடிக்கொண்டார். மகள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"அப்போ உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

இந்த முறை மாமா என்று சொல்லவில்லை.