துப்பாக்கி வீடு

போன புதன்கிழமை சரோஜாவின் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். ஏழு வாரம் அடைந்து கிடந்த கால் வெளிச்சத்துக்கு வந்தபோது வேறு யாருடைய காலோ போல மெலிந்திருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, என்னுடையதுதான்" என்றாள் என் மனைவி.

ஆஸ்பத்திரியிலிருந்து மலைக்குத் திரும்பினால், ஒரு கட்டு தபால் காத்திருந்தது. அதில் நாமக்கல் வாசகர் ஒருவரின் கடிதம். போன வருஷம் இதே பக்கத்தில், பிஸ்டல் வாங்கப்போகிறேன் என்று கொஞ்சம் ஜம்பமாகவே எழுதியிருந்தேன் அல்லவா? அதைக் கத்தரித்து வைத்திருக்கிறாராம். 'நானும் தோட்டத்து வீட்டில் தனியாக இருப்பவன். வீட்டுப் பாதுகாப்புக்குப் பெரிய பிஸ்டல் நல்லதா, சின்னது நல்லதா? அனுபவத்தில் சொல்லுங்கள்' என்று கேட்டிருந்தார்.

சொல்கிறேன். அலுப்பாகத்தான் இருக்கிறது... ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி. சரோஜாவுக்கு இழுப்பு. பட்டணத்துத் தூசி ஆகாது என்று டாக்டர் சொன்னதால்தான் நாங்கள் ஜவ்வாது மலைக்கு வந்தோம். ஓட்டு வீடு, முள்வேலி, வேலி ஓரத்தில் ஒரு புளியமரம். சரிவில் ஒரு கூப்பிடு தூரம் இறங்கினால் காளியப்பன் வீடு. சாமை விதைக்கிறவர். அவர் மனைவி பொன்னம்மா தினமும் பத்து மணி வாக்கில் வருவாள். வாசல் பக்கம் வருகிற வழக்கமே கிடையாது. பின்கதவைத் தள்ளிக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் வந்து, மடியிலிருந்து அவரைக்காயையோ கீரையையோ கொட்டிவிட்டு, "இன்னாம்மா, அடுப்பு இன்னும் பத்தவைக்கலியா?" என்பாள். ஆரம்பத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை. கதவைத் தட்டினால் என்ன என்று முணுமுணுப்பேன். சரோஜா கண்ணாலேயே என்னை அடக்குவாள்.

ஒருநாள் நாங்கள் இருவரும் செங்கம் சந்தைக்குப் போய்த் திரும்பியபோது பூட்டு உடைந்து கிடந்தது. டிரான்சிஸ்டர், இரண்டு பட்டுப்புடவை, பிரஷர் குக்கர் — எல்லாம் போயிருந்தன. யார் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது.

"கீழேர்ந்து வந்தவன் வேலைங்க" என்றார் காளியப்பன். "மலை ஆளு குக்கர வெச்சிக்கினு இன்னாங்க பண்ணுவான்?"

அது எனக்கும் புரிந்தது. ஆனால் புரிவது வேறு, தூக்கம் வருவது வேறு இல்லையா? நான் மாதத்தில் நாலைந்து நாள் வேலூர், சென்னை என்று போகிறவன். சரோஜா தனியாக இருப்பாள். சத்தம் போட்டு யாரையும் கூப்பிடக்கூட அவளுக்கு மூச்சு போதாது. எனக்குப் பயம் வந்துவிட்டது. மறைப்பானேன்? அவளுக்கு வரவில்லை, எனக்குத்தான் வந்தது.

வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்யும் ரஹீம் பாய் என் கல்லூரித் தோழர். லைசென்ஸோடு பிஸ்டல் வைத்திருப்பவர். அவரிடம் யோசனை கேட்டேன்.

"வாங்கு தோஸ்த். ஆனா ஒண்ணு... வாங்கினப்புறம் அத காப்பாத்தறதுதான் உன் வேலையாப் போய்டும்" என்றார்.

சிரித்தேன். மனு போட்டேன்.

மாதக்கணக்கில் ஆயிற்று. கடைசியில் விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் மலை ஏறி வந்தார். புளியமரத்தடியில் நின்றபடியே காளியப்பனைக் கூப்பிட்டு, "இவங்களுக்கு இங்க ஏதாச்சும் ஆபத்து இருக்குதா?" என்று கேட்டார்.

காளியப்பன் பொறுப்பான மனிதர். வெகுநேரம் யோசித்தார்.

"ஆபத்துங்களா... கீதுங்க. மழை நாள்ல ரெண்டு பேரும் ரப்பர் செருப்பு போட்டுக்கினு பாறை மேல நடக்குறாங்க. என்னிக்காச்சும் வழுக்கி வுழுந்துடுவாங்க. நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

போலீஸ்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

லைசென்ஸ் வந்தது. ரஹீம் பாயைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சரோஜாவும் நானும் சென்னையில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் கண்ணாடி மேஜைமேல் இரண்டைப் பரப்பினார். ஒன்று உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னது. இன்னொன்று முழு சைஸ்.

எனக்குச் சின்னதுதான் பிடித்தது. பார்க்க அடக்கமாக இருந்தது.

"எங்க வெச்சுக்கப் போறீங்க சார்? இடுப்புலயா, வீட்லயா?"

"வீட்டில்தான்."

"அப்ப சின்னது எதுக்கு? அது மறைச்சு வெச்சுக்கிட்டு வெளியே போறவங்களுக்கு. கனம் கம்மி. சுட்டா கையில துள்ளும். பெருசு அப்படி இல்ல. கனமே துள்ளலைத் தாங்கிடும். அஞ்சு விரலும் பிடியில உக்காரும். குழல் நீளம், குறி பார்க்க சுலபம். வீட்டைக் காக்கணும்னா முழு சைஸ்தான் சார்."

நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் நியாயமாகத்தான் படுகிறது. பிஸ்டலைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. எங்கள் வீட்டைப் பற்றித்தான் அவருக்கு ஒன்றும் தெரியாது.

சரோஜா இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பார்த்தாள். "அம்மிக் குழவி மாதிரி கனக்கிறது. இதை எடுத்து நான் குறி பார்ப்பதற்குள் வந்தவனுக்குக் காபியே போட்டுக் கொடுத்துவிடலாம்" என்றாள். ரஹீம் பாய் சிரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை. வாங்கிவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த பிரச்னை — எங்கே வைப்பது? பீரோவில் வைத்துப் பூட்டினேன். தோட்டாக்களைத் தனியாக, அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். பீரோ சாவியைக் காலண்டருக்குப் பின்னால் மாட்டினேன். ஒருநாள் ஒத்திகை பார்த்தேன். சாவியைத் தேடி, பீரோவைத் திறந்து, தோட்டாவை எடுத்துப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிற்க நாலு நிமிஷம் ஆயிற்று. எந்தத் திருடன் நாலு நிமிஷம் பொறுப்பான்?

ஆனால் உண்மையான மாற்றம் பீரோவில் நடக்கவில்லை. வேலிக்கு வெளியே நடந்தது.

பிஸ்டல் வந்த மறுநாள் பத்து மணிக்குப் பின்கதவு திறக்கவில்லை. புளியமரத்தடியிலிருந்து ஒரு குரல். "அம்மா... நான்தாங்க, பொன்னம்மா! வரலாங்களா?"

சரோஜா வாசலுக்குப் போய்க் கையசைத்த பிறகுதான் வந்தாள். அதுவும் வாசல் வழியாக.

அன்று சாயங்காலம் காளியப்பன் விளக்கினார். அவரும் புளியமரத்தடியில் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். மலையில் சில வீடுகளில் பன்றி விரட்ட நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டு வேலிக்குள் யாரும் சும்மா கால் வைப்பதில்லை. எல்லையில் நின்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். பதில் வந்தால் போகலாம். வரவில்லையென்றால் திரும்பிவிட வேண்டும்.

"செடி அசைஞ்சா பன்னின்னு நெனச்சி சுட்டுப்புடுவாங்க. எங்க சித்தப்பா ஒருத்தரு அப்டித்தான் போய்ட்டாரு" என்றார் காளியப்பன்.

"நான் அப்படிச் சுடுவேனா காளியப்பன்?"

"நீங்க சுட மாட்டீங்க. ஆனா துப்பாக்கி வூடுன்னா துப்பாக்கி வூடுதானுங்க."

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. யாரோ மரத்தடியில் நின்று அனுமதி கேட்கிறார்கள், நான் தலையசைக்கிறேன்... இத்தனை வருஷமாக எழுதி வராத மரியாதை ஒரு இரும்புத் துண்டால் வந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு குஷி. சரோஜாதான் பத்து மணி ஆனால் பின்கதவைப் பார்த்துக்கொண்டே கத்தரிக்காய் நறுக்குவாள்.

அப்புறம் தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று உத்தரவு. வீட்டைக் காக்க வாங்கியதைப் போலீஸ் காக்கட்டும் என்று, அதைத் துணியில் சுற்றிக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் கீழே இறங்கினேன். ஸ்டேஷனில் எனக்கு முன்னால் இரட்டைக்குழல்காரர்கள் எட்டுப் பேர். ஒவ்வொன்றின் நம்பரையும் பார்த்து எழுதி, சீட்டுக் கட்டி, ரசீது கொடுத்து... மதிய பஸ் போய்விட்டது. வீட்டுக்கு வரும்போது மணி ஐந்து.

"சரோஜா!" என்றேன். வீடு முழுக்கத் தேடினேன்.

பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தாள். கால் ஒரு மாதிரி மடங்கியிருந்தது. ஒற்றை ரப்பர் செருப்பு தள்ளிக் கிடந்தது. உதடு கறுத்து, நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. அவளுடைய மாத்திரை கூடத்து அலமாரியில் இருந்தது. பாசியில் வழுக்கி ஒன்பது மணிக்கு விழுந்திருக்கிறாள். எட்டு மணி நேரம்.

மாத்திரையைக் கொடுத்துவிட்டுச் சரிவில் ஓடினேன். செருப்பை உதறிவிட்டுத்தான் ஓடினேன், அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது. காளியப்பன் அக்கம்பக்கத்து ஆட்களைக் கூட்டினார். நீள மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டினார்கள். நாலு பேர் தோள் கொடுத்து, பெரிய ரோடு வரைக்கும் ஒரு குலுக்கல் இல்லாமல் சுமந்து வந்து ஒரு லாரியில் ஏற்றினார்கள். வேலூர் ஆஸ்பத்திரி டாக்டர், "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால்..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் பொன்னம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கட்டில் ஓரம் நின்றுகொண்டு அழுதாள்.

"நான் வந்தேங்க அன்னிக்கி. பத்து மணிக்கு வந்தேன். மூணு வாட்டி கூப்ட்டேன். பதிலே இல்ல. நீங்களும் ஐயாவோட ஊருக்குப் போய்ட்டீங்கன்னு நெனச்சி திரும்பிட்டேம்மா..."

சரோஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டது பொன்னம்மா. மூன்று தடவையும் கேட்டது. நானும் வா, வா என்றுதான் சொன்னேன். குரல் அவ்வளவு தூரம் வரவில்லை."

எனக்குத் தாங்கவில்லை. "அன்றைக்குத் துப்பாக்கி வீட்டிலேயே இல்லை, பொன்னம்மா! அதை ஒப்படைக்கத்தானே நான் கீழே போயிருந்தேன்!" என்று கத்திவிட்டேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அது எங்களுக்கு எப்டிங்க தெரியும்?"

யாரைக் குறை சொல்வது? அவள் உயிர் பயத்தில் ஏற்பட்ட ஒரு வழக்கத்தைக் காப்பாற்றினாள். போலீஸ்காரர்கள் உத்தரவைக் காப்பாற்றினார்கள். கடைக்காரர் நல்ல சாமானைத்தான் கொடுத்தார். மிச்சம் இருப்பது நான் ஒருவன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்த ரசீதைப் பார்த்து வெட்கப்பட்டேன். பெண்டாட்டியைக் காப்பாற்றக் கிளம்பி, அவளைக் காப்பாற்ற வந்தவளை வேலியில் நிறுத்தியவன் நான்.

தேர்தல் முடிந்ததும் பிஸ்டலை மலைக்குக் கொண்டுவரவே இல்லை. ஸ்டேஷனிலிருந்து வாங்கி, எழுத வேண்டியதையெல்லாம் எழுதிக் கொடுத்து, ரஹீம் பாய் துணையோடு கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். "நான் சொல்லலியா?" என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

திரும்பி வந்து காளியப்பனைக் கூட்டிப் பீரோவைத் திறந்து காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். "சரிங்க" என்றார். ஊரிலும் சொல்லிவிட்டார். எல்லோரும் "சரிங்க" என்றார்கள்.

நாமக்கல் நண்பரே, வீட்டில் வைக்கப் பெரிய பிஸ்டல்தான் நல்லது. சந்தேகமே வேண்டாம். ஆனால் வாங்குவதற்கு முன்னால், உங்கள் வீட்டுக்குள் கேட்காமல் நுழைகிறவர்கள் யார் யார் என்று ஒருமுறை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு ஆள் இருந்தாலும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள், பேசுவோம்.

இன்று காலை பத்து மணி. சரோஜா ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, பின்கதவை அகலத் திறந்து போட்டு, அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். புளியமரத்தடியிலிருந்து குரல் வந்தது.

"அம்மா... நான்தாங்க, பொன்னம்மா! வரலாங்களா?"

சரோஜா என்னைப் பார்த்தாள். பதிலுக்கு, பக்கத்தில் இருந்த பித்தளைத் தட்டைக் கரண்டியால் ஓங்கித் தட்டினாள். பொன்னம்மா மடியில் அவரைக்காயோடு வந்தாள், வாசல் வழியாக.

துப்பாக்கியைத் திருப்பி எடுத்துக்கொள்ள ஒரு கடை இருந்தது.