எஞ்சினியர் துவுமாசி வாங்கிய வயர்

குமாசி நகரச் சந்தைக்குப் பின்னால் பதினெட்டு வருடமாக வயர் கடை வைத்திருக்கிறேன். எத்தனையோ எலக்ட்ரீஷியன்களைப் பார்த்தாகிவிட்டது. தன்னைத் தானே எஞ்சினியர் என்று சொல்லிக்கொள்கிறவன் துவுமாசி ஒருத்தன்தான். பட்டம் எங்கே வாங்கினாய் என்று கேட்டால் சட்டைப்பையில் செருகியிருக்கும் டெஸ்டரைத் தட்டிக் காட்டுவான். மின்கம்பம் ஏறுகிறவர்களுக்கு இரண்டு வருடம் ஏணி பிடித்தான். படிப்பு அவ்வளவுதான்.

அவன் வயர் வாங்குவதைப் பார்க்கவேண்டும். நுனியைப் பல்லால் உரிப்பான், செம்பை நாக்கில் வைப்பான், கண்ணை மூடி, "ம், நல்ல செம்பு" என்பான். மேலே இருக்கிற உறை அவன் கண்ணிலேயே படாது. ஆரஞ்சு தின்கிறவன் தோலைப் பற்றிக் கவலைப்படுவானா என்று என்னிடமே ஒருநாள் கேட்டான். அவனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆம்போன்சா என்கிற கோகோ தோட்டக்காரர் இறந்துபோனார். சாவுச் சடங்குக்குச் சனிக்கிழமை குறித்தார்கள். பந்தலுக்கு விளக்குப் போடும் வேலை துவுமாசிக்குக் கிடைத்தது. ஆனால் அவன் நாக்கில் எச்சில் ஊறியது வேறொன்றுக்கு. இறந்தவரின் குடும்பத்துக்குத் தலைவரான ஃப்ரிம்பொங் நகரத்தில் மூன்று மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டு வயரிங்கைப் பிடித்துவிடவேண்டும் என்று அவர் பின்னாலேயே குழைந்துகொண்டு திரிந்தான்.

வியாழக்கிழமை இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். நான் சாம்பல் நிறச் சுருளை எடுத்து வைத்தேன்.

"இது வெளியில போடுறது, பெரியவரே. உள்ள ரெண்டு வயர், தனித்தனி உறை. அதுக்கு மேல தடியா இன்னொரு உறை. மழையும் தாங்கும், மிதியும் தாங்கும்."

ஃப்ரிம்பொங் முகத்தைச் சுளித்தார். "சாவுக்கு ஊரே சிவப்பும் கறுப்பும் உடுத்திட்டு வரும். பந்தலும் அதே கலரு. நடுவுல இது எலிவாலு மாதிரி தொங்கணுமா? வீடியோவுல விழுமே. அதோ, அந்தச் சிவப்பும் கறுப்பும் எவ்வளவு லட்சணமா இருக்கு."

"அது சுவத்துக்குள்ள குழாய்ல போறது. ஒத்தை உறைதான். இழுத்துக் கட்டினா அறுந்துரும்."

துவுமாசி உடனே ஒத்து ஊதினான். "செம்பு ஒண்ணுதானே அக்கா? கனமும் ஒண்ணுதான். எத்தனை சட்டை போட்டிருக்குன்னு எண்ணிப் பாத்துட்டா கரண்டு ஓடுது?"

பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் அதற்கு மேல் வாயைத் திறக்காமல் வெட்டிக் கொடுத்துவிட்டேன். விற்றவள் என்கிற வகையில் என் புத்தியையும் செருப்பால் அடிக்கவேண்டும்.

சனிக்கிழமை நானும் போயிருந்தேன். சிவப்பையும் கறுப்பையும் சடைபோல் பின்னி, பந்தலின் இரும்புக் கம்பங்களில் கட்டுக்கம்பி போட்டு முறுக்கி இறுக்கியிருந்தான். வருகிறவர்கள் எல்லாம் மெச்சினார்கள். வீடியோக்காரன் எந்தப் பக்கம் திரும்பினாலும் எஞ்சினியர் அந்தப் பக்கம் நின்றான்.

மதியம் வானம் இருட்டியது, ஜெனரேட்டரை ஓடவிட்டு விளக்குகளைப் போட்டார்கள், மழையும் பிடித்துக்கொண்டது. இறந்தவரின் மகள் கொனாடு, தையல்காரி, வந்தவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டே வந்தவள் சேற்றில் கால் வழுக்கிக் கம்பத்தைப் பிடித்தாள். பிடித்த கை விடவில்லை. எஞ்சினியர் ஓடினான், மாமரத்தடிக்கு. ஜெனரேட்டரை அணைத்தது சமையல் செய்ய வந்த ஒரு பெண். கொனாடு பிழைத்தாள். வலது உள்ளங்கை கருகிப்போயிருந்தது.

"செத்தவருக்கு மக மேல ஏதோ கோவம்" என்றார் ஃப்ரிம்பொங்.

"ஆமா, நானே பாத்தேன். கம்பம் நடுங்கிச்சு. இது மனுஷ வேலையே இல்ல" என்றான் துவுமாசி, கொஞ்சமும் கூசாமல். தரையில் ஜின் சாராயம் ஊற்றி இறந்தவரைச் சமாதானம் செய்தார்கள். அடுத்த வாரமே மாடி வீட்டு வயரிங் அவன் கைக்கு வந்தது.

மூன்று வாரம் கழித்து, அந்த வீட்டுக்கான பட்டியலோடு அவன் என் கடையில் நிற்கும்போது கொனாடு வந்தாள். நான் தைக்கக் கொடுத்திருந்த துணி அப்படியே அவள் இடது கையில் இருந்தது.

"ஊசி பிடிக்க வரல அக்கா. வேற யார்கிட்டயாவது குடுங்க" என்றாள். போகாமல் நின்றாள். "மூணு வருஷம் நான்தான் அப்பாவக் குளிப்பாட்டி, ஊட்டி விட்டேன். அப்படி என்ன தப்பு பண்ணிட்டேன்னு ராவும் பகலும் யோசிக்கிறேன். ஒண்ணும் தெரியல."

நான் துவுமாசியைப் பார்த்தேன். அவன் ஒரு வயரின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"செத்தவங்க மனசு யாருக்குத் தெரியும், தங்கச்சி? இன்னொரு பாட்டில் ஊத்திப் பாரு."

சிவப்புச் சுருளில் ஒரு முழம் வெட்டி, கட்டுக்கம்பியைச் சுற்றிக் குறடால் முறுக்கினேன். நாலாவது முறுக்கில் உறை அறுந்து செம்பு தெரிந்தது. அதை அவள் முன்னால் நீட்டினேன்.

"உங்கப்பா இல்லம்மா, இதுதான். மழையில கரண்டு கம்பத்துல இறங்கிருச்சு. இத வித்தது நான். கட்டினது இவன்."

அவள் அந்தத் துண்டையே பார்த்தாள்.

"அப்ப அப்பாவுக்கு என்மேல கோவம் இல்லையா?"

"இல்லம்மா."

அங்கேயே ஒரு வயர் உருளைமேல் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வாய்விட்டு, அடக்கமுடியாமல் அழுதாள்.

துவுமாசி பட்டியலில் ஒரு வரியில் விரலை வைத்தான். பிறகு என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அக்கா, மொட்டைமாடிக்குப் போற லைனுக்கும் அந்தச் சிவப்பையே போட்டுரலாமா? பெரியவருக்கு அந்தக் கலருதான் பிடிச்சிருக்கு."