இரண்டு முறை தட்டினால் இல்லை

முசிறிப் பக்கம் வாழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்ட விஜயராணிக்கு, திருச்சியில் ஒரு பெண்கள் உதவி மையத்தில் போன் எடுக்கும் வேலை. பன்னிரண்டு வருஷத்தில் நாக்கில் ஊறிப்போன வரி ஒன்று உண்டு. தங்கை கூப்பிட்டாலும் சரி, கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் கூப்பிட்டாலும் சரி, "வணக்கம், பெண்கள் உதவி மையம், சொல்லுங்க" என்றுதான் வாய் திறக்கும். "என் மேலயே புகார் எழுதிடாதே தாயே" என்று கணவர் செந்தமிழன் கிண்டல் செய்வார். அந்த வரி ஒரு உயிரோடு விளையாடப் போகிறது என்று அப்போது யார் கண்டார்கள்?

போன ஆடியில் பேசாத போன் ஒன்று வர ஆரம்பித்தது. தினமும் காலையில், பொன்மலை ரயில்வே பட்டறைச் சங்கு பின்னணியில் ஊதி ஓய்ந்த கையோடு வரும். மூச்சு மட்டும் கேட்கும்.

"பேச வேணாம்மா. ஆமான்னா ஒரு தடவை தட்டுங்க. இல்லைன்னா ரெண்டு தடவை" என்றாள் விஜயராணி.

டொக். கூடவே கண்ணாடி வளையல் குலுங்கியது.

வீட்டுக்காரர் அடிக்கிறாரா? ஒன்று. வெளியே விடுவதில்லையா? ஒன்று. நாங்கள் வரட்டுமா? இரண்டு, அவசர அவசரமாக. வேண்டாம் என்றவள் வீட்டுக்கு மையத்துக்காரர்கள் போய் நிற்பதில்லை. தாங்களாகத் திரும்பக் கூப்பிடவும் கூடாது. போன் யார் கையில் இருக்குமோ?

ஒரு வியாழக்கிழமை போன் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. விஜயராணிக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை மனசு கேட்காமல் அவளே கூப்பிட்டுவிட்டாள். அந்தப் பக்கம் எடுத்த உடனே வாய் முந்திக்கொண்டது. "வணக்கம், பெண்கள் உதவி மையம்..."

ஒரு ஆண் தொண்டையைச் செருமினான். பிறகு போனை வைத்துவிட்டான். பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சங்கு ஓய்ந்ததும் போன் வந்தது.

"நல்லா இருக்கீங்களாம்மா?"

டொக்.

போன உயிர் திரும்பி வந்தது. "சமாதானம் ஆயிட்டீங்களா?"

டொக்.

கேட்ட மாத்திரத்தில் பதில் வந்தது. வளையல் சத்தம் இல்லை. மூச்சு மட்டும் கனமாக, காதுக்குள்ளேயே விடுவது போல இருந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது, பக்கத்து மேஜையில் யாரோ டீ ஆற்றுகிறார்கள், விஜயராணிக்கு முதுகு சில்லிட்டது. குரல் மாறாமல் கேட்டாள்.

"அன்னிக்கு நான் சொன்ன சுக்குக் கஷாயம் குடிச்சீங்களா?"

டொக்.

அப்படி ஒரு கஷாயத்தை அவள் சொன்னதே இல்லை. ஆமாம், இல்லை என்பதற்கான தட்டலை மட்டும் அந்தப் பெண்ணை அடித்துக் கேட்டு அவள் வீட்டுக்காரன் தெரிந்துகொண்டிருக்கிறான்.

இனி யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்க முடியாது. போன் எண்ணை வைத்து சப்-இன்ஸ்பெக்டர் அல்ஃபியா அந்தப் பெண்ணின் வீட்டைக் கண்டுபிடிக்க மதியமாகிவிட்டது. கூடவே விஜயராணியும் போனாள். கதவைத் திறந்தவன் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான்.

"யமுனா அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா மேடம்" என்று சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினான். அதே செருமல்.

உள்ளே ஒரு அறை பூட்டியிருந்தது. "பழைய சாமான் மேடம். சாவி தொலைஞ்சு போச்சு."

விஜயராணி கதவில் வாயை வைத்துக் கேட்டாள். "யமுனா, நான்தாம்மா, போன்ல பேசுவேனே. நல்லா இருக்கீங்களா?"

சத்தமே இல்லை. அவன் லேசாகச் சிரித்தான்.

டொக்.

விஜயராணி கதவில் காதை அழுத்தினாள். இன்னொன்று தட்டு தாயே, இன்னும் ஒரே ஒன்று என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

டொக். மிச்சமிருந்த ஒற்றை வளையல் கதவில் உரசியது.

"இல்லைங்கறா மேடம்" என்றாள் விஜயராணி. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "கதவை உடைங்க."